பிப்ரவரி முப்பது

தண்ணீரைப் பார்த்து நான் பயந்தது வாழ்க்கையில் மூன்றே நாள். இன்னொருவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துப் பயந்தது ஒன்பது மாதம். இரண்டுக்கும் காரணம், நான் எழுதிய ஒரு மேனுவலில் இருந்த பதினாறு வரிகள்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். மேற்குத் தாம்பரத்தில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி. சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு, எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் ஒரு கம்பைலரும், அதோடு ஒரு லைப்ரரியும் ஃப்ளாப்பியில் போட்டு விற்றுக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் அடிக்கடி தேவைப்படும் வேலைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் தொகுப்புக்குத்தான் லைப்ரரி என்று பெயர். வர்க்கமூலம் எடுக்க ஒன்று, எழுத்துகளை ஒட்ட ஒன்று, தேதி கணக்கிட ஒன்று. எதை எப்படிக் கூப்பிட வேண்டும், என்ன கொடுத்தால் என்ன வரும் என்று விளக்கிப் புத்தகம் எழுதுவது என் வேலை. வேலை இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை.

நேரம், தேதி பற்றிய அத்தியாயத்தை யாரும் சீந்தவில்லை. என் தலையில் கட்டினார்கள். நானும் வீறாப்பாக எழுதினேன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த அத்தியாயத்தில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது.

அந்த லைப்ரரியில் மாதங்கள் ஒன்றிலிருந்து தொடங்காது, சைபரிலிருந்து தொடங்கும். ஜனவரி சைபர், பிப்ரவரி ஒன்று, டிசம்பர் பதினொன்று. இதை அட்டவணையில் தெளிவாகவே எழுதியிருந்தேன். ஆனால் இரண்டு பக்கம் தள்ளி ஓர் உதாரணப் புரோகிராம் கொடுத்தேன். வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடை ஒன்று, எந்தத் தேதிக்குள் புத்தகம் திரும்பி வர வேண்டும் என்று சீட்டு அடித்துக் கொடுப்பதாக உதாரணம். அதில், ஆள் கொடுக்கும் மாதத்தில் ஒன்றைக் கழித்து உள்ளே அனுப்ப வேண்டும், வெளியே வருவதில் ஒன்றைக் கூட்டி அச்சடிக்க வேண்டும். இரண்டையுமே செய்ய மறந்துவிட்டேன்.

ஒரு தப்பு மட்டும் செய்திருந்தால் அன்றைக்கே மாட்டிக்கொண்டிருப்பேன். இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. ஜனவரி என்று கொடுத்தால் இயந்திரம் அதைப் பிப்ரவரி என்று எடுத்துக்கொள்ளும். விடையைச் சொல்லும்போது ஒரு மாதம் குறைத்துச் சொல்லும். பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். நாட்கள் ஒரு மாதத்திலிருந்து அடுத்த மாதத்துக்குத் தாண்டும்போதுதான் வினை. ஜனவரிக்கு முப்பத்தொரு நாள் என்று எண்ண வேண்டிய இடத்தில் அது இருபத்தெட்டு என்று எண்ணும்.

மேனுவலில் வரும் ஒவ்வோர் உதாரணத்தையும் ஓட்டிப் பார்த்து, விடையை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு ஃபைலில் ஒட்ட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். நானும் ஓட்டினேன். மாதக் கடைசியைக்கூடச் சோதித்தேன், அந்த அளவுக்கு உஷார். நான் எழுதிக்கொண்டிருந்தது ஜூலை மாதம். ஜூலை இருபத்தெட்டோடு ஏழு நாள் கூட்டினேன். ஆகஸ்ட் நான்கு என்று வந்தது. ஜூலைக்கும் முப்பத்தொன்று, ஆகஸ்டுக்கும் முப்பத்தொன்று. ஒரே வருஷத்துக்குள் அப்படி அடுத்தடுத்து வரும் மாதங்கள் வேறு கிடையாது. கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஆறு மாதம் கழித்து, ஜனவரி இருபத்தெட்டு, வியாழக்கிழமை காலை. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தேன். கடற்கரைக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். தெருவில் திரியும் செம்பட்டை நாய் ஒன்று, என்ன நினைத்ததோ, அவர் கணுக்காலைக் கவ்வியது. விரட்டப் போன என் கெண்டைக்காலிலும் பல்லைப் பதித்துவிட்டு ஓடியது. எல்லாம் அரை நிமிஷம்.

அவரை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு டிரஸ்ட் நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இருவருக்கும் ஊசி போட்டார். "இன்னிக்கு ஒண்ணு. அப்புறம் மூணாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள், முப்பதாம் நாள். விடாம வரணும். சீட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார்.

கம்பவுண்டர் உட்கார்ந்திருந்த மேசையில், யாரோ தானமாகக் கொடுத்த ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இன்றைய தேதியைத் தட்டினார். பிரிண்டர் கிர்ரென்று இழுத்து இரண்டு சீட்டுகளைத் துப்பியது. சீட்டின் அடியில், ஆங்கில எழுத்தில், "மறவாமல் வரவும்" என்று ஒரு வரி. இரண்டு பக்கமும் மூன்று மூன்று நட்சத்திரம்.

அந்த வரி என்னுடையது. புத்தகக் கடை உதாரணத்தில் விளையாட்டாக நான் சேர்த்தது. டிரஸ்டுக்கு வேண்டிய யாரோ எங்கள் மேனுவலைப் பார்த்து, புத்தகம் திருப்பும் தேதியை ஊசி போடும் தேதியாக மாற்றி, மிச்சத்தை அப்படியே வைத்திருக்கிறார். காலில் கட்டோடு நின்றுகொண்டு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. கம்பவுண்டரிடம், "இது நான் எழுதின புரோகிராம் சார்" என்றேன். "அப்படியா சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அடுத்த ஊசி 03-02 என்று இருந்தது. அடுத்த தேதியைத்தான் பார்த்தேன். அதற்குக் கீழே இருந்தவற்றைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீன்கார அம்மா வந்தபோது நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார், ஊசி போட்டுகினியா?"

"புதன்கிழமைதான் எனக்கு. உங்களுக்கும் அன்னிக்குத்தான்" என்றேன்.

"மூணா நாளுன்னாரே டாக்டரு. நான் இப்பத்தான் போட்டுகினு வர்றேன். அந்தக் கம்பவுண்டரு சீட்டுல வேற தேதி கீதுன்னு ஒரே பேஜார் பண்ணாரு. நான் வுடல. டாக்டராண்ட நேரா போய் நின்னுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கொடுத்த சீட்டை விட்டுவிட்டு விரல்விட்டு எண்ணினால் இப்படித்தான் என்று விளக்கினேன். சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் சுருக்குப்பையைத் தட்டிக் காட்டிவிட்டு வஞ்சிர மீனுக்கு விலை சொல்ல ஆரம்பித்தார்.

புதன்கிழமை நான் போய் இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொண்டேன். டாக்டர் இல்லை, நர்ஸ் போட்டார். மறுநாள் வியாழன், ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் அந்த அம்மா கூடையோடு வந்தார்.

"இன்னிக்கு மூணாவது ஊசி சார். கூட வர்றியா?"

"நேத்துத்தானே ரெண்டாவது போட்டேன். மூணாவது ஞாயித்துக்கிழமை" என்றேன்.

அவர் கூடையை மதில்மேல் வைத்தார். "போன வியாயக்கெயம நாயி கட்ச்சுது. இன்னிக்கு வியாயக்கெயம. ஒரு வாரம் ஆச்சா இல்லியா? அதுக்கு இன்னாத்துக்கு சார் சீட்டு?"

நானும் விரல்விட்டு எண்ணினேன். ஒரு வியாழனுக்கு ஏழாம் நாள் இன்னொரு வியாழன். ஞாயிறாக இருக்க முடியாது. நேரம் பற்றி நாற்பது பக்கம் எழுதியவனுக்கு இது இந்த ஒரு வாரமும் உறைக்கவில்லை.

சீட்டைப் பிரித்தேன். 03-02. 07-02. 14-02. கடைசி வரியில் 30-02 என்று இருந்தது. பிப்ரவரி முப்பது. எத்தனை வருஷம் காத்திருந்தாலும் வராத ஒரு நாளில் எனக்குக் கடைசி ஊசி.

ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன நடந்திருக்கும் என்று தெரிய எனக்குப் பேனாவோ பேப்பரோ தேவைப்படவில்லை. மறந்துபோன அந்த இரண்டு ஒன்றுகளும் கண்முன் வந்து நின்றன. இரண்டாவது ஊசி மூன்று நாள் தாமதம். வெறிநாய்க்கடி வந்தால் மருந்து கிடையாது, தண்ணீரைப் பார்த்தால் தொண்டை இறுகும், கடைசியில் கட்டிப்போட வேண்டியிருக்கும் என்று சின்ன வயதில் கேட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. உள்ளே மனைவி குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரிடம் சீட்டைக் காட்டி, "கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு போல சார்" என்றேன். அப்படித்தான் சொன்னேன். கம்பவுண்டர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"டிசம்பர் பூரா சீட்டுல மாசம் சைபர்னு வரும் சார்" என்றார் அவர் டாக்டரிடம். "வருஷமும் ஒண்ணு கூடிப் போயிடும். நான்தான் பேனால பன்னெண்டுன்னு திருத்திக் குடுத்தேன். ஜனவரில தானா சரியாயிடுச்சு." பன்னிரண்டு என்று கொடுத்தால் இயந்திரத்துக்கு அது அடுத்த வருஷத்து ஜனவரி, அதாவது சைபர். அவர் குரலில் புகார் இல்லை. தினம் மக்கர் பண்ணும் ஃபேனைத் தட்டி ஓடவிடுகிற மாதிரி, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். யாரிடமும் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

டாக்டர் கம்ப்யூட்டரை நிறுத்தச் சொன்னார். இருவருக்கும் மூன்றாவது ஊசி போட்டார். "நாயைப் பாத்தீங்களா? கடிச்சதுலேருந்து பத்து நாள் வாட்ச் பண்ணுங்க. பத்து நாளும் அது நல்லா இருந்தா கவலையே இல்ல" என்றார். நாயை நான் கடிபட்ட நாளுக்குப் பிறகு பார்க்கவேயில்லை.

பிறகு ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள். ஜனவரிக் கடைசியில் நாய்க்கடி என்று வந்தவர்கள் எங்களைத் தவிர ஒருவர்தான். பம்மலில் தோல் கம்பெனிக்குப் பின்னால் குடியிருப்பவர். வெள்ளிக்கிழமை முதல் ஊசி. இரண்டாவது ஊசிக்கு அவர் திங்கட்கிழமையே வந்திருக்க வேண்டும். சீட்டு அவருக்குக் கொடுத்திருந்த தேதி இன்றைக்கு. "வீட்டு நம்பர்கூட இல்ல. அவரா வந்தாத்தான்" என்றார் கம்பவுண்டர்.

மீன்கார அம்மாவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்ப அங்கேயே வந்தேன். ஆபீஸுக்குப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வந்தால் என்ன சொல்வது என்றும் பயமாக இருந்தது.

நாலு மணிக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் கவரில் போட்ட சீட்டு. என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கும் நாய்தானா சார்?" என்றார். தலையாட்டினேன்.

"எங்க மேஸ்திரி லீவே குடுக்கல. ஆனா சீட்டுல போட்ட தேதிக்குக் கரீட்டா வந்துட்டேன். கம்ப்யூட்டர்ல குடுத்துக்கீறாங்க, தப்பாவுமா?"

இப்போதும் இந்த இடத்தை எழுதும்போது முகம் சுடுகிறது. அந்தச் சீட்டைப் பற்றித் தெரிந்தவன் அந்தப் பெஞ்சில் நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை. அவரை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் நாயைப் பற்றிக் கேட்பது வெளியே கேட்டது.

"அத அன்னிக்கே அடிச்சிப் போட்டுட்டாங்க சார், ஏரியாப் பசங்க."

டாக்டர் ஊசியைப் போட்டார். பிறகு, "நாளைக்கு மறுபடி வாங்க. தேதியெல்லாம் கையால எழுதித் தரேன். எக்காரணம் கொண்டும் விட்டுடாதீங்க" என்றார். ஏன் தேதி மாறியது என்று பம்மல்காரர் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று காலையும் ஒரு டம்ளர் தண்ணீரை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நன்றாகப் பார்ப்பேன். தொண்டை இறுகுகிறதா என்று கவனிப்பேன். பயத்திலேயே இறுகும். கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவேன். சாயங்காலம் ஏரிக்கரை முழுக்க நாயைத் தேடினேன். செம்பட்டை நாய் எங்கே என்று கேட்டுத் திரிந்த என்னைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் நாள், மீன் கூடைக்குப் பின்னாலேயே அது வந்தது. அந்த அம்மா செவுளைக் கிள்ளிப் போட, வாலை ஆட்டிக்கொண்டு தின்றது. "மெயின் ரோட்டுல குட்டி போட்டுகீது சார் இது. அதான் அன்னிக்கு அந்தக் கோவம்" என்றார். உள்ளே ஓடிப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தேன். அழுகை வந்தது. அப்போதுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க நாய் இருக்கு. சரி" என்றாள் அவள். "அந்தப் பம்மல்காரரோட நாய்?"

திங்கட்கிழமை முதலாளியிடம் உதாரணம் தப்பு என்று சொன்னேன். மேனுவல் வாங்கிய எல்லோருக்கும் திருத்தம் அனுப்பச் சொன்னார். "யாராவது இதை உபயோகிச்சிருக்காங்களா?" என்று கேட்டார். "தெரியலை சார்" என்றேன். ஒரு வாரம் உட்கார்ந்து கார்டுகளைக் கையாலேயே எழுதினேன். டிரஸ்டுக்கும் ஒன்று போட்டேன், கீழே பெயர் எழுதாமல்.

அடுத்த ஞாயிறு பம்மலுக்குப் போனேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒற்றை அறை, வாசலில் தோல் வெட்டும் பலகை. என்னைப் பார்த்ததும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்று அடையாளம் தெரிந்துகொண்டார். "ஆஸ்பத்திரியில சொன்னாங்க, ஊசி ஒழுங்கா போடுறீங்களான்னு பாத்துட்டு வரச் சொல்லி" என்று இன்னொரு பொய் சொன்னேன். அவர் மனைவி எனக்கு ஒரு டம்ளர், அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் பேச்சை நிறுத்தாமலே டம்ளரை எடுத்து, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டார். தொண்டை மேலும் கீழும் போய்வந்தது. எனக்கு உயிர் வந்தது.

அந்த உயிர் ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். இந்த நோய் மாதக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டு வெளியே வரும் என்று படித்திருந்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் பஸ் பிடித்துப் போவேன், அல்லது ஸ்கூட்டரில். பழம், பிஸ்கட் என்று எதையாவது கையில் எடுத்துக்கொள்வேன். தெரு முனையில் கூட்டம் நின்றால், எதற்கு என்று யாரையாவது கேட்ட பிறகே உள்ளே நுழைவேன். ஒருமுறை அவர் வீட்டில் இல்லை, ஜுரம் என்று மாமியார் வீட்டில் படுத்திருக்கிறார் என்றார்கள். அந்த வாரம் நான் மேனுவலில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வாசலில் உட்கார்ந்து தோல் வெட்டிக்கொண்டிருந்தார். வெறும் சளிக்காய்ச்சல்.

வெயில் போய், ஆடி போய், அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. டாக்டரைக் கேட்டேன். "ஒன்பது மாசம் ஆயிடுச்சு, ஊசியும் முழுசா போட்டாச்சு. இனிமே அனேகமா ஒண்ணும் வராது" என்றார். அந்த அனேகமாவைப் பிடித்துக்கொண்டு பம்மலுக்குப் போனேன். இதுதான் கடைசி முறை என்று நினைத்திருந்தேன்.

வழக்கம்போலத் தண்ணீர் வந்தது. அவர் டம்ளரைக் கையில் எடுத்தார், உடனே குடிக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். நீங்க ஆஸ்பத்திரி ஆளு இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும். கம்பவுண்டராண்ட கேட்டேன். வர்றீங்க, போறீங்க, நல்ல மனுசன், சரின்னு வுட்டுட்டேன். ஆனா நான் தண்ணி குடிக்கறப்போ மட்டும் ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க?"

சொல்லிவிட்டேன். சீட்டு, மாதம் சைபரிலிருந்து தொடங்குவது, ஜூலையில் ஓட்டிப் பார்த்தது, மூன்று நாள் தாமதம், பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மூன்று நாள் என்பது புரிந்தது. இனிமேல் பயமில்லை என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அனேகமா என்பதை விட்டுவிட்டுச் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அவளாண்ட சொல்லிடாதீங்க சார். தூங்க மாட்டா" என்றார்.

பிறகு டம்ளரை வாயருகே கொண்டுபோனார். ஒன்பது மாதமாக ஒருநாளும் செய்யாததை அன்றைக்குச் செய்தார். குடிப்பதற்கு முன்னால் டம்ளரைக் கீழே இறக்கி, அதிலிருந்த தண்ணீரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.